ஜன்னல் திறக்கிற வண்டி

1

எங்கள் மினிவேன் வீட்டுக்கு வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். அதற்காகக் கேக் வெட்டுகிற பழக்கமெல்லாம் எங்களுக்கு இல்லை. பனிக்காலம் தொடங்கும் முன் வண்டியைப் பட்டறையில் காட்டிவிட வேண்டும், அதனால் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் பீட்டர் அதிகம் பேசாதவர். வண்டியைத் தூக்கி அடியில் விளக்கு அடித்துப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். "நல்ல வண்டி, நன்றாக வைத்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து ஜன்னல் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி பாதி வரை இறங்கி, முனகி, நின்றுவிட்டது.

"மற்ற ஜன்னல்கள் எல்லாம் புதிது போல இருக்கின்றன. இது மட்டும் மோட்டார் வரைக்கும் தேய்ந்து போயிருக்கிறது. உறைந்து கிடக்கும் கண்ணாடியை யாரோ திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஜனவரியில் யார் ஜன்னலைத் திறப்பார்கள்?"

"என் அம்மா" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் என்னோடு டிப்ளமோ படித்த தோழி ஒருத்தி, இப்போது வேறொரு மாகாணத்தில் இருப்பவள், அன்று சாயங்காலமே செய்தி அனுப்பியிருந்தாள். "ரெண்டாவது வருது. எந்த மினிவேன் வாங்கலாம்? நீதான் எதுக்கெடுத்தாலும் லிஸ்ட் போடுவியே, ஒண்ணு போட்டு அனுப்பு." போட உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பித்தாலும் அந்த ஜன்னலில் வந்து நின்றது. எனவே லிஸ்ட்டுக்குப் பதிலாக இது.

2

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற வழியில் ஒரு காலனி. அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போய் என்னையும் தம்பி முரளியையும் படிக்க வைத்தார். நான் டிப்ளமோவும் பிறகு பகுதி நேரமாகப் பொறியியலும் முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தேன். முடிந்து வருகிற வண்டியில் என்ன குறை என்று தேடுவது என் வேலை. கணவர் கதிர் செங்கல்பட்டுக்காரர், அதே கம்பெனியில் வெல்டிங் பிரிவு. இப்போது இருவருக்கும் கனடாவின் நடுப்பகுதியில், வின்னிபெக்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊரில், விவசாய எந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோ கிடையாது. கொத்தமல்லி வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரி வின்னிபெக்கில்தான்.

மூத்தவள் இனியாவுக்கு அப்போது ஏழு வயது. அடுத்தவன் நிலவனுக்கு மூன்று. மூன்றாவது உண்டானது தெரிந்த அன்றே, எங்கள் சின்னக் கார் போதாது என்பதும் தெரிந்துவிட்டது. ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. முரளிக்கு விளங்கவில்லை.

"இன்னாக்கா இது? அந்தக் கார்ல அஞ்சு பேரு ஒக்கார்லாம். கைக்கொயந்தைய மடியில வச்சிக்கினா முடிஞ்சிது கதை."

இங்கே மடி என்கிற இருக்கை கிடையாது என்று அவனுக்கு விளக்கினேன். மருத்துவமனையிலிருந்து பிறந்த குழந்தையை வெளியே எடுத்து வரவே அதற்கென்று தனி இருக்கை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். அது பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். மூன்று வயதுக்காரனுக்கு வேறு விதமான இருக்கை. ஏழு வயதுக்காரிக்கு உயரம் கூட்டும் இருக்கை. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் கார்க் கதவு மூடாது. நான் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டேன்.

"நம்ம ஊரு வேன்ல கல்யாணத்துக்குப் போன கும்பல அந்த ஊரு போலீஸ்காரங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்பட்டா?" என்றான்.

"அனுப்பாத. என்னையும் சேத்துப் புடிச்சிடுவாங்க."

3

பழைய வண்டிதான் வாங்குவது என்று முடிவு. புதிது வாங்கலாம், ஆனால் பழைய வண்டியின் குறை தெரிந்த குறை. எனக்கு அதுதான் வசதி.

நான் பார்க்கிற முறை இது. விற்கிற இடத்துக்குப் போகும்போது நல்ல உடுப்பு போட்டுப் போவதில்லை. கீழே படுக்க வேண்டியிருக்கும். இங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். மேலே கண்ணாடி போல மின்னும் வண்டியைக் கீழே தட்டினால் துரு உதிரும். அதனால் முதலில் அடி. அப்புறம் கியர் எண்ணெய்: கருத்துப் போய் கருகிய வாடை வந்தால் திரும்பி வந்துவிடலாம். அப்புறம் சறுக்கிக் கொண்டு திறக்கும் பக்கக் கதவுகள். குழந்தைகள் ஆயிரம் முறை திறந்து மூடுவது அவற்றைத்தான். கடைசியாக, எங்கள் குழந்தை இருக்கைகளைக் கையோடு எடுத்துப் போய் உள்ளே மாட்டிப் பார்ப்பேன். மாட்டிய பிறகு மூன்றாம் வரிசைக்கு ஆள் ஏற வழி இருக்கிறதா என்று நானே ஏறிப் பார்ப்பேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். நான் நுழைய முடிந்தால் யாரும் நுழையலாம்.

விற்பனையாளர்கள் கதிரோடுதான் பேசுவார்கள். எஞ்சின் பற்றி அவரிடம் சொல்வார்கள், இருக்கைத் துணியின் நிறம் பற்றி என்னிடம் சொல்வார்கள். கதிர் எதற்கும் தலையாட்டி, "அவளக் கேளுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் காபி எந்திரத்தைத் தேடிப் போய்விடுவார்.

ஒரு கடையில் ஸ்டெப்னி எங்கே என்று கேட்டேன். மாற்றுச் சக்கரத்துக்கு அதுதான் உலகப் பொதுப் பெயர் என்று நினைத்திருந்தேன். அங்கிருந்த விற்பனைப் பையன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மன்னிக்கவும், இங்கே அந்தப் பெயரில் யாரும் வேலை செய்யவில்லை" என்றான். இனியா அன்று முழுதும் சிரித்தாள். இப்போது என் ஆங்கிலத்தில் அவளுக்கு எது தப்பாகப் பட்டாலும், "அம்மா, ஸ்டெப்னி!" என்கிறாள்.

இவ்வளவு பார்த்தும் ஒரு வாரத்துக்குள் தேர்வு மூன்று வண்டிகளில் வந்து நின்றிருந்தது. அதில் வெள்ளி நிறத்தது எல்லாவற்றிலும் தேறியது. ஒரே குடும்பம் வைத்திருந்தது, அடியில் துரு இல்லை, செய்த வேலைக்கெல்லாம் ரசீது இருந்தது. மறுநாள் பணம் கட்டுவதாக இருந்தேன். அன்று காலை முரளி கூப்பிட்டான்.

"அக்கா, அம்மா வரலியாம்."

4

அம்மா வருவது எங்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. இனியா பிறந்தபோது விசா மறுத்தார்கள். திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். நிலம் இல்லை, வங்கியில் இருப்பு இல்லை, எதற்காகத் திரும்புவார் என்பது அவர்கள் கணக்கு. நிலவன் பிறந்த சமயம் நோய்க்காலத்துக் கட்டுப்பாடுகளில் விண்ணப்பம் எங்கோ சிக்கிக் கிடந்தது. இரண்டு முறையும் பிரசவ அறையில் கதிரின் கையைப் பிடித்துக் கொண்டேன். நல்ல கைதான். ஆனால் வலி ஏறியபோது இரண்டு முறையும் என் வாயில் வந்தது அம்மா. தமிழ்நாட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் வரும், அது வெறும் வார்த்தை என்று கதிர் சொன்னார். எனக்கு அது வெறும் வார்த்தையாக இல்லை.

மூன்றாவதுக்கு அம்மா இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். விண்ணப்பத்தை நானே தயார் செய்தேன். விரல் ரேகை கொடுக்க அம்மா முரளியோடு சென்னைக்குப் போனார். வயலில் வேலை செய்த விரல்கள். கருவி பலமுறை மறுத்து, கிரீம் தடவி, துடைத்து, கடைசியில் ஏற்றுக்கொண்டது. விசா கிடைத்தது. இனி தடையில்லை என்று நினைத்தேன். தடை அந்தச் சென்னைப் பயணத்திலேயே வந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு மூடிய வண்டி ஆகாது. உத்திரமேரூரில் ஏறி வாலாஜாபாத் வருவதற்குள் வாந்தி. இத்தனைக்கும் நடவுக்குப் போகும்போது குட்டியானை என்று சொல்வோமே, அந்தச் சின்ன லோடு வண்டி, அதன் பின்னால் நின்றுகொண்டே எத்தனை ஊர் போயிருக்கிறார். பள்ளத்தில் தூக்கிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. முகத்தில் காற்று அடிக்க வேண்டும், எதிரே சாலை தெரிய வேண்டும். அவ்வளவுதான் வேண்டியது. சென்னைக்குப் போன வாடகைக் காரில் இரண்டும் இல்லை. டிரைவர் ஏசி போகும் என்று ஜன்னலைத் திறக்க விடவில்லை. போகும்போதும் வரும்போதும் கவரைப் பிடித்தபடி. டிரைவர் ஏதோ சொல்லியிருக்கிறார்.

வீடியோவில் அம்மாவைப் பிடித்தேன். அடுப்படியில் இருந்தார்.

"இன்னாம்மா, வரலன்னியாமே?"

"நீ இன்னா பண்ணிக்கினு கீற? சாப்ட்டியா?"

"நான் கேட்டதுக்குச் சொல்லு."

"வந்து இன்னா பண்ணப் போறேன்? உங்க ஊர்ல கால எடுத்து வெளிய வச்சா காருன்ற. ஆசுபத்திரிக்குக் காரு, கடைக்குக் காரு. நான் பொறத்தால சீட்ல கவர வச்சிக்கினு ஒக்காந்திருப்பேன். மாப்ள முன்னாடி ஒக்காந்து ஓட்டிக்கினு இருப்பாரு. அசிங்கம்டி. உன் கல்யாணத்தப்ப பட்டதே போதும்."

நிலவன் குறுக்கே வந்து திரையில் மூக்கை ஒட்டினான். அம்மாவின் குரல் அப்படியே மாறியது. "இன்னா நைனா? பால் குட்ச்சியா நைனா?" எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையையும் பேரனையும் தம்பியையும் நைனா என்றுதான் கொஞ்சுவோம். அவனுக்கு அது தன்னுடைய இரண்டாவது பெயர் என்று நினைப்பு. "யெஸ்" என்றான்.

அம்மா சொன்ன கல்யாணத்துச் சம்பவம் இது. மறுவீட்டு அழைப்பு முடிந்து எங்கள் வீட்டிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரே வேனில் போனோம். ஓட்டுநர் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அடுத்த வரிசையில் கதிர். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மருமகனுக்கு முதுகைக் காட்டி மாமியார் முன்னால் உட்காருவதா? மருமகன் வந்தால் பாயிலிருந்து எழுந்து நிற்கிற வழக்கம் எங்களுடையது. பெயரைச் சொல்வதில்லை. நேராகப் பேசுவதும் இல்லை. "அவரு சாப்ட்டாரான்னு கேளு" என்று என்னிடம்தான் கேட்பார், அவர் அடுத்த அடியில் உட்கார்ந்திருந்தாலும். அம்மா கடைசி வரிசைக்குப் போய், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தார். வழியில் படூர் தாண்டும்போது முடியாமல் வாந்தி எடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எல்லார் முன்னாலும்.

அதைத்தான் இங்கே பனிக்காலம் முழுதும் செய்யச் சொல்கிறேன் என்று அம்மாவுக்குப் பட்டிருக்கிறது.

5

வெள்ளி வண்டிக்குப் பணம் கட்டவில்லை. தேட வேண்டியது வேறு என்று தெரிந்துவிட்டது.

நான் போட்ட கணக்கு இப்படி. கதிர் ஓட்டுவார், நான் பக்கத்தில். நடு வரிசையில் கைக்குழந்தையும் நிலவனும். பின் வரிசையில் இனியாவும் அம்மாவும். அப்படியானால் பின் வரிசையில் ஜன்னல் திறக்க வேண்டும். இத்தனை வண்டி பார்த்தவள் அதைப் பார்த்ததே இல்லை. போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பின் வரிசைக் கண்ணாடி சுவர் மாதிரி ஒட்டியிருந்தது. பழைய மாடல்கள் சிலவற்றில் மட்டும் அந்தக் கண்ணாடி ஒரு கை அகலம் வெளிப்பக்கமாக விரியும் என்று தெரிந்தது. தேடினேன். ஒன்று கிடைத்தது, பச்சை நிறம், ஒரு பண்ணையில் நின்றது. ஜன்னல் அழகாக விரிந்தது. கீழே படுத்துத் தட்டினேன். முகத்தில் துரு கொட்டியது.

எழுந்து உட்கார்ந்து யோசித்தேன். ஜன்னல் திறக்கும், ஆனால் நடு வழியில் நின்றுவிடக் கூடிய வண்டி. பிரசவத்துக்கு ஒரு மணி நேரம் சமவெளியில் போக வேண்டும். வெளியே குளிர் எப்படி இருக்கும் என்றால், பக்கத்து வீட்டுக்குப் போகும்போது மூக்கு மயிர் உறையும். இல்லை. நம்பிக்கையான வண்டி என்பதில் விட்டுக் கொடுக்க முடியாது. அப்படியானால் மாற வேண்டியது வண்டி இல்லை, உட்காருகிற வரிசை.

மறுபடி வெள்ளி வண்டி நின்ற கடைக்குப் போனேன். இம்முறை விற்பனைக்கு ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. நான் முன் இருக்கை ஜன்னலை ஏற்றி இறக்கிப் பார்த்துக் கொண்டே இருந்ததைக் கவனித்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்: என் கணவர் ஓட்டினால் என் அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார். அந்தப் பெண்மணியின் முகம் மெதுவாக மாறியது. குரலைத் தாழ்த்தி, "இருவருக்கும் ஏதாவது சண்டையா?" என்றார்.

"இல்லை. மரியாதை."

"உங்கள் அம்மா அவரோடு பேசுவதில்லையா?"

"நேராகப் பேசுவதில்லை."

"மரியாதையால்."

"ஆமாம்."

அவர் என் கையைத் தொட்டு, தன் மாமியாரும் பல வருடமாகத் தன்னோடு பேசுவதில்லை, ஆனால் அதற்கு இவ்வளவு நல்ல காரணம் இல்லை என்றார்.

வீட்டில் இனியா வேறொரு முடிவுக்கு வந்திருந்தாள். இங்கே பள்ளியில், பதின்மூன்று வயது ஆகும் வரை குழந்தைகள் முன் இருக்கையில் உட்காரக் கூடாது என்று சொல்லித் தருகிறார்கள். நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகக் கேட்டாள்: "ஆயாவுக்கு இன்னும் முன்னாடி உக்கார வயசு ஆகலியா?"

கதிர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்கு இதை எந்த மொழியில் விளக்குவது என்று தெரியவில்லை. விளக்கினால் அம்மா கோமாளியாகத் தெரிவார். விளக்காமல் விட்டால் இவளுக்கு ஆயா என்பது திரைக்குள் இருக்கிற, வாந்தி எடுக்கிற ஒரு வயதானவர் மட்டும்தான். இந்த ஒரு பனிக்காலம் அம்மா வந்தால் அது மாறும். வராவிட்டால் மாறாது.

"நான் ஓட்டுறேன்" என்றேன் கதிரிடம். "அம்மா முன்னாடி. நீங்க பின் வரிசையில."

"பின் வரிசைன்னா, அந்தக் கடைசியா?"

"கடைசிதான்."

கதிர் உயரமானவர். கடையில் மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தேன். முழங்கால் தாடையைத் தொட்டது. இறங்கி வந்து, "நல்லாத்தான் கீது, தூங்கிக்கினே வரலாம்" என்றார். பொய். வண்டியை அன்றே முடித்தோம்.

அம்மாவிடம் சொன்னபோதுதான் பெரிய போராட்டம்.

"மாப்ளய பொறத்தால தள்ளிட்டு நான் மகாராணி மாதிரி முன்னாடி ஒக்கார்றதா? ஊரு சிரிக்கும்டி கலை."

"இங்க ஊரே இல்லம்மா. ரோட்டுல ஒரு ஆளு கெடையாது."

"உன் வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு?"

கதிர் பக்கத்தில்தான் இருந்தார். அவரும் நேராகப் பேசுகிறவர் இல்லை. இனியாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஆயாகிட்ட சொல்லு. வாரம் பூரா நான்தான் ஓட்றேன். ஞாயித்துக்கிழமையாச்சும் பின்னாடி தூங்கினா நிம்மதி. அவங்க வந்தாத்தான் எனக்குத் தூக்கம்."

இனியா, "ஆயா, அப்பா வாண்ட்ஸ் டு ஸ்லீப்" என்றாள்.

"இன்னா சொல்றா?"

"நீ வரணும்னு சொல்றா" என்றேன்.

அம்மா அடுப்பைத் தணித்தார். கொஞ்ச நேரம் எங்களைப் பார்க்காமல் கரண்டியைத் துடைத்தார். "கண்ணாடி தொறக்குமா?"

"தொறக்கும்."

"குளுரும்பாங்களே."

"குளுரும். தொறந்துக்கலாம்."

"நீ ஓட்டினா வர்றேன். இல்லாங்காட்டி வூட்லயே கீறேன். அவரு ஓட்ற வண்டில ஏற மாட்டேன், அப்பால என்ன பேஜார் பண்ணாத."

"சரி."

6

அம்மா ஏரோப்ளேனை மாத்திரையும் தூக்கமுமாகக் கடந்துவிட்டார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக் கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் கதிரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். தள்ளி வந்த பெண் பதறிப் போனாள்.

வெளியே வந்த முதல் மூச்சில் அம்மாவுக்கு இருமல். "யம்மா! இது இன்னா காத்தா, கத்தியா?" ஏழு மாதம் தாண்டிய வயிறோடு நான் ஓட்டுநர் இருக்கையில். பக்கத்தில் அம்மா, சேலைக்கு மேல் என் பழைய கோட்டு, தலையில் கம்பளித் துண்டு. கதிர் கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக் கொண்டு. ஊரைத் தாண்டியதும் அம்மா பொத்தானைத் தேடினார். காட்டினேன். கண்ணாடி பனிக்கட்டியைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. உள்ளே வந்த காற்றில் நிலவன் வீறிட்டான். இனியா, "ஆயா! நோ!" என்றாள்.

அம்மா கண்ணை மூடி அந்தக் காற்றை முகத்தில் வாங்கினார். பிறகு திறந்து, நேரே தெரிகிற சாலையைப் பார்த்தார். இருபுறமும் வெள்ளை. "எல்லாம் கழனியா?" என்றார்.

"ஆமா. கோதுமை. பனி கரைஞ்சாத் தெரியும்."

"களை யாரு எடுக்கறாங்க?"

"மருந்து அடிக்கிறாங்க."

"அதானே பாத்தேன், ஒரு ஆளு கூட காணோமே." அவ்வளவுதான். வீடு வரை வாந்தி இல்லை.

அதற்கப்புறம் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. நான் ஓட்டினால் அம்மா வருவார். கடைக்கு, நூலகத்துக்கு, என் மருத்துவப் பரிசோதனைக்கு. கதிர் ஓட்டினால் வீட்டிலேயே இருந்துவிடுவார். காலை நாஷ்டாவுக்குத் தோசை வார்த்து, "அவருக்கு இன்னொண்ணு வேணுமான்னு கேளு" என்று நிலவனிடம் சொல்லி அனுப்புவார். நிலவன் தட்டை எடுத்துப் போய் அப்பாவிடம், "அவருக்கு வேணுமா?" என்பான். முழு வாக்கியம் தமிழில் பேச அவன் கற்றுக் கொண்டது அப்படித்தான். இனியா முன் இருக்கை ஜன்னல் பக்கம் தனக்கும் கொஞ்சம் காற்று வருகிறது என்று கண்டுபிடித்து, ஆயாவுக்கு நேர் பின்னால் உட்காரச் சண்டை போட ஆரம்பித்தாள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் திட்டம் போடவில்லை. பிரசவ வலி வந்தால் நான் எப்படி ஓட்டுவேன்? அந்த நாளில் அம்மா வீட்டில் குழந்தைகளோடு இருப்பார் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அதை அப்படி நினைத்துப் பார்க்காமலேயே வைத்திருந்தேன். எதற்காக அம்மாவை வரவழைத்தேனோ அந்த இடத்தில் அம்மா இல்லாமல் ஒரு திட்டம்.

7

நாள் குறித்ததற்கு முன்பே வந்துவிட்டது. பகல் நேரம், வெயில் பளீரென்று பனியில் பட்டுக் கண்ணைக் கூசியது. கதிரை வேலையிலிருந்து கூப்பிட்டேன். தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்யும் மரிசெல், பிலிப்பைன்ஸ்காரி, அடுத்த தெருவில் இருக்கிறவள், வந்து நிலவனைத் தூக்கிக் கொண்டாள். இனியாவைப் பள்ளியிலிருந்து தானே கூட்டிக் கொள்வதாகச் சொன்னாள். எஞ்சின் உறையாமல் இருக்க அதன் சூடாக்கியை இரவெல்லாம் மின்சாரத்தில் சொருகி வைத்திருந்ததால், வண்டிக்கு ஒரே சுழற்சியில் உயிர் வந்தது. நான் நடு வரிசையில், இருக்கையைச் சாய்த்துப் படுத்தேன். குழந்தைகளை மரிசெல் பார்த்துக் கொள்வாள் என்றதும் அம்மா கோட்டை மாட்டிக் கொண்டு வெளியே வந்திருந்தார். நான் கேட்கவே இல்லை.

கதிர் ஓட்டுநர் இருக்கையில். அம்மா என் பக்கக் கதவு வழியாக ஏறி, குனிந்து, கடைசி வரிசையைப் பார்த்து நகர்ந்தார். பாதி வழியில் நின்றார். எனக்கு ஒரு வலி வந்து அடங்கியது. அம்மாவின் கோட்டுக் கையைப் பிடித்து இறுக்கியிருந்தேன். அம்மா கடைசி வரிசையைப் பார்த்தார், அதன் சுவர் மாதிரியான கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் பொறத்தால கவர வச்சிக்கினு கெடந்தா உன்ன யாருடி பாக்கறது?"

கையை விடுவித்துக் கொண்டு இறங்கினார். பனியில் செருப்பு சறுக்க, வண்டியின் முன்பக்கம் சுற்றிப் போய், முன் கதவைத் தானே திறந்து, கதிருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

கதிர் அசையவில்லை. கைகள் ஸ்டியரிங்கில், கண்கள் நேரே. பிரம்பை எடுத்த வாத்தியார் பக்கத்தில் வந்து நின்ற பையன் மாதிரி இருந்தார். அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, முகத்தைப் பாதி ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கையைப் பின்னால் நீட்டினார். பிடித்துக் கொண்டேன். இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி உறைந்து கிடந்தது. முனகியது. மறுபடி அழுத்தினார். மறுபடியும். சடசடவென்று பனி பெயர்ந்து கண்ணாடி முழுவதும் இறங்கியது.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. காற்று உள்ளே கத்தியாக வீசியது. எனக்கு வியர்த்திருந்தது, அந்தக் குளிர் பிடித்திருந்தது. கதிர் குல்லாய் கூடப் போடாமல் ஓடி வந்திருந்தார். அவருடைய காது சிவந்து கொண்டே போனது. ஒரு பெரிய வலி வந்தது. நான் அம்மா என்று கத்தினேன். இம்முறை கூப்பிட்ட ஆள் இருந்தார். பின்னால் நீட்டிய அந்தக் கை, ரேகை தேய்ந்த விரல்கள், என் விரல்களை நெரித்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லடி. மூச்ச இழு."

பிறகு முன்னால் திரும்பினார். சாலையைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லி அனுப்பாமல், யார் வழியாகவும் கேட்காமல், நேராகச் சொன்னார்.

"வெரசா ஓட்டு நைனா. கொயந்த தாங்காது."

கதிர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரிம்மா" என்றார்.

வேகம் ஏறியது. குளிர் எங்கள் மூன்று பேரின் முகத்திலும் அறைந்து கொண்டே வந்தது. கதிரின் பற்கள் தடதடவென்று அடித்துக் கொள்வது எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்த ஜன்னலை மட்டும் யாரும் மூடச் சொல்லவில்லை.